அப்பா, நம்ம வருமானம் எவ்வளவு?

பதினேழு வயசு வரைக்கும் என் மகள் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. காசு விஷயத்தைப் பிள்ளைகள் காதில் போடாத வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். நியூ ஜெர்சி வந்தும் அதையே தொடர்ந்துவிட்டோம். 2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, உதவித்தொகை தருவதற்காகச் சில தனியார் கல்லூரிகள் கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். அப்போது என் கணவருக்கு வேலை போய் ஐந்து மாதம். சம்பளம் நின்றுவிட்டது என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு நின்றது, கையில் எவ்வளவு மிச்சம் என்பது தெரியாது.

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் 2023 வரிக்கணக்குக் கோப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

அந்த மாதக் கடைசியில் ஃபாஃப்சா படிவமும் எல்லோருக்கும் திறந்தது. வழக்கமாக அக்டோபர் 1-ல் திறக்க வேண்டியது, அந்த வருஷம் தாமதம். கல்லூரிப் படிப்புக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் உதவிக்கான விண்ணப்பம் அது; கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அங்கே போகாதீர்கள். மகளுக்கு ஒரு கணக்கு, பெற்றோரில் ஒருவருக்கு ஒரு கணக்கு, இரண்டுக்கும் வேறு வேறு மின்னஞ்சல். நாங்கள் கூட்டாக வரி தாக்கல் செய்பவர்கள் என்பதால் ஒருவர் போதும், அது நானாக இருந்தேன். அரசு ஒவ்வொருவருக்கும் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைச் சரிபார்க்க அப்போது இரண்டு மூன்று நாள் ஆகும் என்றிருந்தது. கடைசி நாளில் கணக்குத் தொடங்கலாம் என்று இருக்காதீர்கள்.

நாங்கள் மாட்டிக்கொண்டது பெயரில். என் பாஸ்போர்ட்டிலும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலும் கடைசிப் பெயர் என் அப்பாவின் பெயர். மகள் பழக்கத்தில் தன் கடைசிப் பெயரையே எனக்கும் போட்டு, பெற்றோர் பகுதியை நிரப்பச் சொல்லும் அழைப்பை அனுப்பிவிட்டாள். விவரம் பொருந்தவில்லை என்று வந்துகொண்டே இருந்தது. இரண்டு ராத்திரி கணினியைத் திட்டிய பிறகுதான் காரணம் புரிந்தது. நம் ஊர்ப் பெயர் வழக்கத்தோடு வந்த குடும்பங்கள் முதலில் அந்த அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு வரிக்கணக்கின்படி நான்கு பேர் என்று வந்தது. அத்தை 2024 தொடக்கத்தில்தான் எங்களோடு வந்து சேர்ந்தார். நம்மோடு வாழ்ந்து, பாதிக்கு மேல் செலவை நாமே பார்த்துக்கொள்ளும் உறவினரையும் சேர்க்கலாம் என்பது விதி. ஐந்து என்று மாற்றினேன். அத்தையிடம் சொன்னபோது, "என்னையுமா கண்ணு எழுதறாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஊரில் கோபிசெட்டிபாளையம் பக்கம் என் கணவர் பெயரில் கொஞ்சம் தரிசு நிலம் இருக்கிறது. "அதை எதுக்குப் போடறீங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்று தெரிந்தவர்கள் இருவர் சொன்னார்கள். குடியிருக்கும் வீட்டையும் ஓய்வூதியச் சேமிப்பையும் ஃபாஃப்சா கணக்கில் எடுப்பதில்லை. மற்ற நிலம், சொத்து எந்த நாட்டில் இருந்தாலும் எழுத வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் 20,000 டாலர் வரை அபராதம், சிறை கூட உண்டு. அதைவிட, மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எப்படி மறைப்பது? பத்து லட்சம் ரூபாய் மதிப்பு, அன்றைய கணக்கில் 12,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தைத்தான் படிப்புக்குத் தரக்கூடியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். 680 டாலர்கூட வரவில்லை. அதற்காகவா ஒரு பொய்! பிள்ளை பெயரில் இருக்கும் சேமிப்புக்குத்தான் 20 சதவீதம். அவள் பிறந்தநாள் காசையெல்லாம் அவள் பெயரிலேயே போட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது.

என்னைத் தூங்கவிடாதது வேறு. 2025-26 கல்வி ஆண்டுக்கான படிவம் பார்ப்பது 2023 வருமானத்தை. 2023-ல் அவருக்கு முழுச் சம்பளம். படிவத்தில் நாங்கள் வசதியான குடும்பம்.

மார்ச்சில் கல்லூரிகளிடமிருந்து எவ்வளவு உதவி என்று சொல்லும் கடிதங்கள் வந்தன. ஒரு கல்லூரியின் கடிதத்தில் 'மொத்த உதவி' என்று பெரிய தொகை. அத்தைக்குக்கூட வாசித்துக் காட்டிவிட்டேன். பிறகு மகள் ஒரு தாளில் நடுவே கோடு போட்டாள். இந்தப் பக்கம் கொடுப்பது, அந்தப் பக்கம் திருப்பிக் கேட்பது. கல்லூரியின் மானியம் முதல் பக்கம். அவள் பெயரில் முதல் வருஷக் கடன் 5,500 டாலர் இரண்டாம் பக்கம். எங்கள் பெயரில் வாங்கச் சொன்ன பேரன்ட் பிளஸ் கடனும் அங்கேதான். 'வொர்க் ஸ்டடி' என்று போட்டிருந்தது அவள் வேலை செய்து சம்பாதிக்க வேண்டிய பணம், கட்டணத்தில் கழியாது. கோடு போட்டபின் முதல் பக்கம் மிகச் சிறியதாக இருந்தது.

வருமானம் குறைந்திருந்தால் கல்லூரி உதவி அலுவலகத்திடம் மறுபரிசீலனை கேட்கலாம். ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் தனியாகப் பார்த்து மாற்றும் அதிகாரத்தைச் சட்டமே அந்த அலுவலர்களுக்குக் கொடுத்திருக்கிறது. என் கணவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இத்தனை வருஷத்துல யாருகிட்டயும் கை நீட்டினதில்ல." அன்றைக்கு அவரிடம் நான் எவ்வளவோ பேசினேன், ஒன்றும் ஏறவில்லை. மகள்தான் சொன்னாள்: "கை நீட்டல அப்பா. அவங்க பார்த்தது பழைய கணக்கு. புதுக் கணக்கைக் காட்டறோம், அவ்வளவுதான்."

கடிதத்தை அவளே எழுதினாள். ஒரு பக்கம். 'என் தந்தை மிகவும் மனம் உடைந்திருக்கிறார்' என்ற வரியை அவர் அடித்துவிட்டு, வேலை போன தேதியையும் அதன் பிறகு வந்த வேலையில்லாக் காலப் படியையும் தன் கையால் எழுதினார். பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, படி வந்ததற்கான தாள் எல்லாம் இணைத்தோம். அன்று நான் எதுவும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே கொஞ்ச நேரம் அழுதேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மானியத்தை 6,000 டாலர் உயர்த்தியிருந்தார்கள். முழுசாகப் போதவில்லை, ஆனால் பேரன்ட் பிளஸ் பக்கம் போகாமல் சமாளிக்க முடிந்தது. ஆகஸ்டில் அவளை விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். அதற்குள் அவருக்கும் ஒரு வேலை கிடைத்திருந்தது, பழையதைவிடக் குறைந்த சம்பளத்தில்.

இந்தப் படிவத்தை ஒவ்வொரு வருஷமும் போட வேண்டும். 2025 செப்டம்பர் கடைசியில் அடுத்தது திறந்ததும், நான் ஞாபகப்படுத்தும் முன்பே அவர் மகளுக்குப் போன் போட்டார்.

"உன் பங்கை முடிச்சிட்டியாம்மா? இந்தத் தடவை அழைப்பை எனக்கு அனுப்பு. அம்மாவுக்கு வேண்டாம்."

அவள் கேட்கவே இல்லை. புதுச் சம்பளம் இவ்வளவு என்று அவராகவே சொன்னார்.