கயிறு, பூ, கல்

"மனசு விட்டுப் பேசினா சரியாயிடும்" என்பார்கள். எப்படிப் பேசுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள், போரால் மனக்காயம் பட்டவர்களுக்காக வகுத்த கதையாடல் சிகிச்சையைப் பாருங்கள்.

தரையில் ஒரு கயிறு. அதுதான் இதுவரையான வாழ்க்கை. பிறப்பிலிருந்து வரிசையாக, நல்லதற்குப் பூ, கெட்டதற்குக் கல் வைக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் தோண்டிக் கேட்கக் கூடாது, சம்பவத்துக்கு ஒரு பெயர் சொன்னால் போதும். அடுத்த அமர்வுகள் ஏறத்தாழ 90 நிமிடம். கல்லுக்கு வந்ததும் வேகம் குறைய வேண்டும்: என்ன தெரிந்தது, என்ன வாடை, நெஞ்சு எப்படி அடித்தது, இப்போது உடம்பில் என்ன? உளவளத்துணையாளர் எழுதிவைத்து, அடுத்த முறை வாசித்துக் காட்டுவார். விடுபட்டதைக் கதை சொன்னவர்களே சேர்ப்பார்கள்.

பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்: அழுகை உச்சத்தில் இருக்கும்போது பரிதாபப்பட்டு "இன்னிக்குப் போதும்" என்று நிறுத்துவது. பயம் அப்படியே உறைந்துவிடும். சம்பவம் முடிந்து, படபடப்பு இறங்கும்வரை கதை நகர வேண்டும். பார்வை நிலைகுத்தி, பேச்சு மங்கினால் கை கால் தசைகளை இறுக்கச் சொல்லி இந்த அறைக்குக் கொண்டுவர வேண்டும்.

2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம், ஆளுக்கு 6 அமர்வுகளாக, இதைத் தியானம், தளர்வுப் பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். இரண்டு தரப்பும் ஏறக்குறைய சமமாகத் தேறின. ஆக, இது ஒன்றே வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

துக்க வீட்டில் மறுநாளே "என்ன நடந்துச்சு, முழுசா சொல்லு" என்று உலுக்குவது சிகிச்சையில் சேராது.