ஸ்பிரிட் அடுப்பில் கேக்

“கேஸ் டப்பா எடுத்துட்டுப் போகலாமே, எதுக்கு இந்த ஸ்பிரிட் அடுப்பு?” என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள். அதில்தான் கேக் சுடுகிறேன் என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஸ்வீடனில் காட்டுப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் ட்ராங்கியா என்ற ஸ்பிரிட் அடுப்பு செட் ஒன்று கிடக்கும். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைக் கிண்ணம்தான் அடுப்பு, எடை 110 கிராம். சுற்றிலும் காற்றுத் தடுப்பு, இரண்டு அலுமினியச் சட்டி, மூடியாகவும் உதவும் ஒரு வாணல். பம்ப் அடிக்க வேண்டாம், நாசில் அடைத்துக்கொள்ளும் தொல்லையும் இல்லை. டி-ரோட் என்ற பெயரில் எரிக்கிற ஸ்பிரிட் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்துகொண்டால் சட்டியில் கரி பிடிப்பது குறையும்.

இதில் காபியும் நூடுல்ஸும் எல்லாரும் செய்வார்கள். எனக்கோ நடந்து களைத்த சாயங்காலத்தில் சுடச்சுட இனிப்பாக ஏதாவது உள்ளே போக வேண்டும். அதனால் வீட்டுக்குப் பின்னாலும், ஸ்டாக்ஹோமின் பியோர்க்ஹாகனில் தொடங்கும் சோர்ம்லாண்ட்ஸ்லேடன் பாதையிலும் சுட்டுச் சுட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் ஆவி முறை. சட்டியில் இரண்டு விரல்கடை தண்ணீர், அதில் சிலிக்கோன் கப், கப்பில் மாவு, மேலே மூடி. கால் மணி நேரத்தில் வெந்துவிடும், தண்ணீர் வற்றாதவரை கருகவே கருகாது. கோலா டின்னை வெட்டிச் செய்கிற, தீயைக் குறைக்கவே முடியாத அடுப்பில்கூட இது நடக்கும். ஆனால் வெளியே வருவது வெள்ளை வெளேரென்று, மூடியிலிருந்து சொட்டிய தண்ணீரோடு. இட்லிதான் அது, பெயர்தான் மஃபின். மேல்தோல் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும், ஆவியோ 100-ஐத் தாண்டாது. வடக்கே மலைக்குப் போனால் அதுவும் இல்லை: குங்ஸ்லேடன் பாதையில் 1,150 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஷெக்ட்யா கணவாயில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

சரி, தண்ணீரே இல்லாமல்? ஓவன் இல்லாத காலத்தில் அம்மா குக்கரில் மணல் பரப்பி, காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, உள்ளே கேக் பாத்திரத்தை வைப்பார். மாவுப் பாத்திரம் நேரடியாகச் சூடான அடியைத் தொடக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். காட்டில் மணலுக்குப் பதில் மூன்று கூழாங்கல். கல் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும்; ஆற்றிலிருந்து எடுத்த ஈரக்கல் சூட்டில் வெடிக்கலாம். சட்டியும் வெறும் அலுமினியமாக இருக்கட்டும். நான்ஸ்டிக் சட்டியைக் காலியாகக் காய வைத்தால் பூச்சு புகைந்து நச்சாகும். டைட்டானியம் எடை குறைவு என்று ஆசை காட்டும், ஆனால் தீ படும் இடம் மட்டும் கொதித்து மற்ற இடம் சும்மா இருக்கும். கேக்குக்கு உதவாது.

அடுத்தது தீ. ட்ராங்கியாவோடு பித்தளையில் ஒரு சிறு வளையம் வரும், அதன் மேல் நகர்த்தக்கூடிய ஒரு தகடு. எரியும் அடுப்பின் மேல் அதைப் போட்டுத் தகட்டை முக்கால்வாசி மூடினால் தீ சிம்முக்கு வரும். பகலில் இந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஸ்பிரிட் ஊற்றுவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. நான் எப்போதும் மேலே உள்ளங்கையைக் காட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஆறவிட்டுத்தான் ஊற்றுவேன்.

இவ்வளவு செய்தும் ஸ்பாஞ்ச் கேக் இதில் எனக்குத் திருப்தியாக வந்ததில்லை. அடி சிவக்கும், நடு எழும்பும், மேலே வெளுத்தே இருக்கும். திருப்பிப் போட்டால் உடையும். வழி காட்டியது ஸ்வீடன்காரர்களின் கிளாட்காக்கா. பேக்கிங் பவுடரே இல்லாத சாக்லேட் கேக். நடுவில் வேகாமல் பிசுபிசுவென்று இருப்பதுதான் அதன் இலக்கணம். மேலே சிவந்திருக்கிறதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை.

மாவு முக்கால் டெசிலிட்டர் (ஒரு டெசிலிட்டர் என்றால் 100 மி.லி.), சர்க்கரை ஒன்றே கால் டெசிலிட்டர், கோக்கோ இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்சம் வனிலா சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒரு பையில் கலந்துவிடுவேன். காட்டில் 50 கிராம் வெண்ணெயை உருக்கி, ஒரு முட்டையைச் சேர்த்துக் கிளறினால் போதும். (முட்டை காபிக் கோப்பைக்குள் சாக்ஸ் சுற்றிப் பயணம் செய்யும். துவைத்த சாக்ஸ்தான்.) வெண்ணெய் தடவிய சின்ன டின்னில் ஊற்றி, கல்மேல் வைத்து, மூடி போட்டு 25 நிமிடம். ஓரம் பிடித்துக்கொண்டு நடு இன்னும் ஆடும்போதே இறக்கிவிட வேண்டும்.

இதற்கு ஏறத்தாழ 50 மி.லி. ஸ்பிரிட் போகும். அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க 20 போதும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பியூட்டேன் தரும் சூட்டில் அறுபது சதவீதம்தான் ஸ்பிரிட் தரும், ஆகவே தினமும் கேக் என்றால் அடுப்பில் மிச்சம் பிடித்த எடை பாட்டிலில் ஏறிவிடும். ஒரு பயணத்துக்கு ஒரு கேக் என்று வைத்திருக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து வந்தால் ஸ்பிரிட்டை அவர்கள் பையில் ஏற்றிவிட்டு இரண்டு.