சாம்பிராணிப் புகை போகும் வழி: சுங்கை சிப்புட்டில் ஒரு பிற்பகல்

மலேசியாவின் ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ம.இ.கா. தலைவராக இருந்த சம்பந்தன் பிறந்த ஊரான சுங்கை சிப்புட்டில் பிற்பகல் மூன்று மணிக்குப் போய் இறங்க யாரும் விரும்பமாட்டார்கள். எந்த வீடு ஏர்கோன் இல்லாமலே குளிர்ச்சியாக இருக்கிறது என்று பார்க்கப் போகிறவருக்கு அதுதான் சரியான நேரம். காலை பத்து மணிக்கு எல்லா வீடும் நல்ல வீடு. கூரையின் குணம் மூன்று மணிக்குத்தான் வெளியே வரும். பையில் அளவு நாடா, ஈரப்பதமானி, நாலு சாம்பிராணி வில்லை இருந்தால் போதும்.

பட்டணத்துக் கடைவீடுகளின் அஞ்சடியில், அதாவது வாசலை ஒட்டிய கூரையிட்ட நடைபாதையில், நிழலாக நடக்கலாம். உள்ளே நடுவில் வானம் தெரியும் முற்றத்தைத் தகரம் போட்டு மூடிவிட்ட கடை எது என்று வாசலிலேயே தெரிந்துவிடும். அங்கே பட்டப்பகலில் விளக்கு எரியும், ஏர்கோன் ஓடும்.

இயந்திரத்தால் சூடாக்கவோ குளிர்விக்கவோ அதிகம் தேவைப்படாத வீட்டை ‘பேசிவ் வீடு’ என்பார்கள். அப்படித் தேடினால் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1991இல் எழுந்த வீடுகளும் அவற்றின் வாரிசுகளும்தான் வந்து நிற்கும். அங்கே குளிரை வெளியே நிறுத்துவது வேலை. 50 பாஸ்கல் அழுத்தத்தில் சோதித்தால், கசியும் காற்று மணிக்கு வீட்டின் கொள்ளளவில் 0.6 மடங்கைத் தாண்டக் கூடாது. சுவாசக் காற்றை இயந்திரம் மாற்றும். அந்தப் படங்களைப் பார்த்து இங்கே கம்பளம் விரித்துச் சன்னலை இறுக மூடினால், ஈரத்தை எடுக்க இயந்திரமும் இல்லாதபோது பூஞ்சணம்தான் குடியேறும். நமக்குத் தேவை வெயிலை மறைப்பதும் காற்றை விடுவதும். அந்த வித்தை இங்குள்ள ரப்பர் தோட்டங்களுக்குப் புதிதல்ல. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைகளின் பங்களாக்களைப் பாருங்கள்: தூண்மேல் தூக்கிய தரை, சுற்றிலும் அகன்ற வராந்தா, உயர்ந்த சீலிங். அதே வெயிலில் தொழிலாளிக்கு லயத்தில், அதாவது வரிசை வீட்டில், கிடைத்தது தாழ்ந்த தகரக் கூரை. குளிர்ச்சியாகக் கட்டத் தெரியாமல் நடந்ததல்ல அது.

இன்னும் ஆள் குடியிருக்கும் லயத்து வீட்டை வசதியாக்க வேண்டுமானால் மேசை நாற்காலியில் கைவைக்கும் முன் மேலே பாருங்கள். உள்ளங்கையைத் தலைக்கு மேல் உயர்த்தினால் சூடு இறங்குவது தெரியும். அது காற்றின் சூடல்ல, தகரத்தின் கதிர்ச்சூடு. காற்றாடி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது நிற்காது. தகரத்துக்குக் கீழே அலுமினியத் தாளை, பளபளப்பு முகம் கீழ்நோக்க, விறைப்பாக இழுத்துக் கட்டவேண்டும். இரண்டு பக்கமும் குறைந்தது 25 மி.மீ. காற்றிடைவெளி வேண்டும். தாள் தொய்ந்து தகரத்தைத் தொட்டால் சூடு நேரே கடந்துவிடும். பளபளப்பு மேல்நோக்கினால் தூசி படிந்து சில ஆண்டுகளில் பயன் குறையும். அதற்கும் கீழே சீலிங்கின் மேல் 50 முதல் 75 மி.மீ. ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) பரப்பினால் மழைச் சத்தமும் அடங்கும். தகரத்தில் மழை கொட்டும்போது வீட்டில் பேச்சே நின்றுபோகும் என்பது லயத்தில் வளர்ந்தவருக்குத் தெரியும்.

இறவாரத்திலும் முகட்டிலும் சூடு வெளியேறச் சந்து விட்டு, வௌவாலும் எலியும் நுழையாதபடி கம்பிவலை அடியுங்கள். கூரைக்குள் ஏறும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2009-10இல் அரசுத் திட்டமொன்றில் இந்தத் தாளை உலோக ஆணி அடித்துப் பதித்தபோது மின்கம்பியில் பட்டு உயிர்கள் போயின. பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஓடாக இருந்தால் நீங்களே துளையிடாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்கு எமன்.

தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் வீடுகளில் சிக்கல் வேறு. வீடு எந்தத் திசை பார்ப்பது என்பதை ரோடு முடிவுசெய்துவிடுகிறது. இவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 4.8 பாகையில் இருப்பதால், டிசம்பர் உச்சி வெயில் தெற்கிலிருந்து 62 பாகை உயரத்தில் விழும், ஜூனில் வடக்கிலிருந்து 71 பாகையில். 1.2 மீட்டர் உயரச் சன்னலுக்குத் தெற்கில் 65 செ.மீ., வடக்கில் 40 செ.மீ. நீட்டிய நிழற்பலகை போதும். மேற்கு வெயில் சாய்ந்து வருவதால் எந்தப் பலகைக்கும் கட்டுப்படாது. அங்கே மூங்கில் திரைதான் வழி, அதுவும் கண்ணாடிக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி. உள்ளே தொங்கும் கனத்த திரைச்சீலை, ஏற்கெனவே நுழைந்துவிட்ட சூட்டைத்தான் பிடித்துக்கொள்ளும்.

கட்டட விதி, அறைத் தரையின் பரப்பில் 10 விழுக்காடு சன்னலும், அதே தரைப்பரப்பில் 5 விழுக்காடு காற்று தடையின்றிப் போகும் திறப்பும் கேட்கிறது. 3 மீட்டருக்கு 3.6 மீட்டர் அறையில் அந்தத் திறப்பு 0.54 சதுர மீட்டர். சட்டத்துக்கு அது போதும், உடம்புக்குப் போதாது. இழுவைச் சன்னல் பாதிதான் திறக்கும். பழைய நாக்கோ அடுக்குக் கண்ணாடி ஏறத்தாழ முழுதும் திறக்கும், மழையிலும் ஓரளவு திறந்தே வைக்கலாம். அதை ‘பழைய பேஷன்’ என்று கழற்றி எறிவதுதான் இவ்வூர் ரெனவேஷனில் நான் காணும் பெரிய முட்டாள்தனம். கொசுவலை காற்றின் வேகத்தை நன்றாகவே குறைக்கும். ஆகவே சின்னச் சின்னச் சன்னல்களில் அடிப்பதைவிட வராந்தா முழுதுக்கும் அடிப்பது மேல்.

இரண்டாவது முட்டாள்தனம் அலங்காரச் சீலிங். அறை உயரம் விதிப்படி குறைந்தது 2.5 மீட்டர். காற்றாடி இறக்கை சீலிங்கிலிருந்து ஒரு சாணாவது தள்ளியிருந்தால்தான் மேலிருந்து காற்றை இழுக்கும், தரையிலிருந்து 2.3 மீட்டருக்குக் கீழே இறங்கினால் கை படும். ஜிப்சம் பலகையால் 20 செ.மீ. தின்றுவிட்டால் காற்றாடிக்கு இடமே இல்லை. அந்தச் சீலிங்கில் இறக்கைக்கு மேலே விளக்கைப் பதித்துவிட்டால் இரவெல்லாம் நிழல் வெட்டிவெட்டி ஓடும். அந்த அறையில் தலைவலி வராமல் படிக்க முடியாது. விளக்குகளை இறக்கை வட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள். மஞ்சள் ஒளி, 2700 கெல்வின்.

அலமாரிக்கு வருவோம். ரப்பர் மரப்பலகை இங்கே மலிவு. போரான் மருந்து ஏற்றாததில் வண்டு மாவாக உதிர்க்கும். ஏர்கோன் அறைக்காக 8-10 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்திய பலகை, சன்னல் திறந்த வீட்டில் 15-16 விழுக்காடுவரை ஈரம் குடித்து உப்பும். இழுப்பறை அடைத்துக்கொள்வது அதனால்தான். பக்கத்துக்கு 2-3 மி.மீ. சந்து விட்டுச் செய்யச் சொல்லுங்கள். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் 5 செ.மீ. தள்ளி, கால்மேல் நிறுத்துங்கள். வெளிக்காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால் 25 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். ஓர் அறையில் ஏர்கோனை 18இல் வைத்தால் பக்கத்து அறைச் சுவரில், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பூப்பது இப்படித்தான். வினைல் சுவர்த்தாள் ஒட்டியிருந்தால் ஈரம் வெளியேற வழியின்றி அதன் பின்புறமே கறுத்துப்போகும். சுவருக்குச் சாதாரண மங்கல் வெள்ளைப் பெயிண்ட் போதும், சன்னல் ஓரம் உட்பட. அங்கே இருட்டு நிறம் அடித்தால் வெளிச்சம் கண்ணைக் குத்தும்.

கடைசியாகச் சாம்பிராணி. எல்லாச் சன்னலையும் திறந்து, காற்றாடியை நிறுத்தி, அறை நடுவில் முழங்கால் உயரத்தில் ஒரு வில்லையை ஏற்றிவையுங்கள். புகை நேரே மேலே போனால் காற்று இல்லை. சாய்ந்தால் அது போகும் வழிதான் கட்டிலும் நாற்காலியும் இருக்கவேண்டிய வழி. சாமி மேடை அந்த வழியில் இருக்கக் கூடாது. பல வீடுகளில் மாலை ஆறு மணிக்கு, காற்று சில்லென்று வரத் தொடங்கும் நேரத்தில், விளக்கு அணைந்துவிடும் என்று சன்னலைச் சாத்திவிடுகிறார்கள். மேடையைக் காற்று நுழையும் சன்னலுக்கு எதிரே வைக்காமல், அந்தச் சன்னல் இருக்கும் அதே சுவரின் ஓரத்து மூலைக்கு மாற்றினால் போதும். சுடர் அசையும், அணையாது.