இன்சார் ப்ராஜெக்ட் எடுக்கிறீர்களா? முதலில் சரிவின் திசையைப் பாருங்கள்

இன்சார் என்பது வெவ்வேறு நாளில் எடுத்த செயற்கைக்கோள் ரேடார் படங்களை ஒப்பிட்டு நில நகர்வை அளக்கும் முறை. இதை வைத்து மெதுவாக நகரும் நிலச்சரிவை அளக்க வரும் ஜூனியர்கள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் அண்ணா?" என்றுதான். ஸ்னாப், மிண்ட்பை இரண்டும் இலவசம், ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 எடுக்கும் படங்களும் இலவசம். அதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். நீங்கள் எடுத்த சரிவு எந்தத் திசையில் நகர்கிறது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ரேடார் நேர் கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சாய்வாகப் பார்க்கிறது. தரை தன் பக்கம் நெருங்கியதா, விலகியதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். செயற்கைக்கோள் ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போவதால், வடக்கிலோ தெற்கிலோ நகரும் நிலம் அதற்குச் சரியாகப் பிடிபடாது. அதனால் படத்தில் அசைவு தெரியவில்லை என்பதற்காக நிலம் அசையவில்லை என்று எழுதிவிடாதீர்கள். வைவாவில் என்னைத் துருவித் துருவிக் கேட்டது இதைத்தான். செயற்கைக்கோள் வடக்கு நோக்கிப் போகும் ஏறுபாதை, தெற்கு நோக்கிப் போகும் இறங்குபாதை இரண்டிலும் ரேடார் பார்க்கும் திசைக் கோட்டையும் கான்டூர் மேப்பில் கையால் வரைந்து வைத்திருந்தேன், அதைக் காட்டியே பதில் சொல்ல முடிந்தது.

அப்புறம் வேகம். சென்டினலின் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. இரண்டு படங்களை ஒப்பிட்டால் நகர்வு வண்ணப் பட்டைகளாகத் தெரியும்; அலை போய்த் திரும்புவதால் வண்ணங்களின் ஒரு முழுச் சுற்று என்பது 2.8 செ.மீ. நகர்வு. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் நகர்வு 1.4 செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் சுற்றுகளை எண்ணும் கணக்கு குழம்பும். ஒரே செயற்கைக்கோள் அதே இடத்துக்குத் திரும்பி வர 12 நாள் ஆகும், அதற்குள் இந்த வரம்பைத் தாண்டும் அளவுக்கு வேகம் இருக்கக் கூடாது. அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள ஸ்லம்கல்லியன் நிலச்சரிவு போல நாளுக்கு ஒரு செ.மீ. அளவுக்கு நகரும் இடம் முதல் ப்ராஜெக்ட்டுக்கு வேண்டாம். அடர்ந்த காடு என்றால் சுமார் 24 செ.மீ. அலைநீளமுள்ள எல்-பேண்டுதான் கைகொடுக்கும். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நாசா-இஸ்ரோ செயற்கைக்கோள் நிசாரில் அது இருக்கிறது.

படிப்பதற்கு ஒரு நல்ல இடம் சொல்கிறேன்: கலிஃபோர்னியா கடலோரத்தின் மட் க்ரீக். 2017 மே 20 அன்று அந்த மலைச்சரிவு மொத்தமாக இறங்கி நெடுஞ்சாலை 1-ஐ மூடியது. பல ஆண்டுகளாக அது மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது பழைய ரேடார் படங்களில் பதிவாகியிருக்கிறது. நீண்ட வறட்சிக்குப் பின் வந்த கனமழையில்தான் சரிந்தது. அதனால் நகர்வு வரைபடத்தை மழை அளவோடு சேர்த்தே வரையுங்கள்.

மழைக்காலத்தில் காற்றிலுள்ள நீராவியும் அலையைத் தாமதப்படுத்தி, நகர்வு போலவே தோன்றும். எனவே மற்ற இடங்களின் நகர்வை எதோடு ஒப்பிட்டு அளக்கிறீர்களோ அந்தக் குறிப்புப் புள்ளியைச் சரிவுக்கு வெளியே, அருகிலேயே, ஏறக்குறைய அதே உயரத்தில் உள்ள உறுதியான பாறையில் வையுங்கள். அதை ஏன் அங்கே வைத்தீர்கள் என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.