பழைய டேங்க் ஓ-ரிங்குக்கு சாம்பிள் பாஸ் வாங்கின கதை

கேரளால பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்ல நமக்கு சின்னதா ஒரு ரப்பர் மோல்டிங் யூனிட், பம்ப்புக்கு சீலும் கேஸ்கெட்டும் அடிச்சு வாளையார் தாண்டி கோயம்புத்தூருக்கு அனுப்புறதுதான் பொழப்பு. 2020-ல வந்த ஸ்ரீஜன் போர்ட்டல்ல, வெளிநாட்டுல வாங்கிட்டிருந்த ராணுவ பாகங்களை இங்கயே செய்ய ஆள் தேடி லிஸ்ட் போடுறாங்கல்ல, அதுல டி-72 டேங்க்கோட ஓ-ரிங் ஒண்ணு, அதாவது ஆயில் கசியாம அடைக்கிற ரப்பர் வளையம், கண்ணுல பட்டுச்சு, இதென்ன பிரமாதம்னு இன்ட்ரெஸ்ட் குடுத்துட்டேன்.

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு, அரசு ஆன்லைன்ல பொருள் வாங்குற ஜெம் பதிவு எல்லாம் ஒரு மாசத்துல முடிஞ்சுது. சிறு தொழில்ங்கறதால டெண்டருக்கான இஎம்டி டெபாசிட் கட்ட வேண்டியதில்ல.

மாட்டுனது சாம்பிள்லதான். டி-72 சோவியத் டிசைன், ஆவடியில அஜேயான்னு பேர் வச்சுக் கட்டினது. 780 ஹெச்பி என்ஜினை மாத்தி 1000 ஹெச்பி போட 2025 மார்ச்ல ரஷ்யாவோட 248 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டாங்க, அப்ப வண்டி இன்னும் பல வருஷம் ஓடணும், சில்லறை ரப்பர் யார் தருவா? எனக்குக் கெடச்சது கழட்டிப் போட்ட ஒரு ரிங்கும் ரஷ்ய எழுத்துல மங்கலா ஒரு டிராயிங் ஜெராக்ஸும். வெர்னியர் வச்சு அளந்து, 38,000 ரூபாய்க்கு டை, அதாவது அச்சு, போட்டு 20 பீஸ் அடிச்சு அனுப்பினா அத்தனையும் ரிஜெக்ட், ஆயில் கசியுதாம்.

டை போட்டவர் கேட்டாரு, "அண்ணா, கெழவனை அளந்து பேரனுக்கு சட்டை தெச்சா எப்படி?" வருஷக்கணக்கா சூட்டுலயும் அழுத்தத்துலயும் இருந்த ரிங் சப்பையாகி இறுகிப் போயிருக்கும், அதோட அளவு புதுசோட அளவு இல்ல, ரிங் உக்காரற காடியை, அந்தப் பள்ளத்தைத்தான் அளக்கணும். பம்ப் சீல்லயே இத பாத்தவன் நான், புத்தி எங்க போச்சோ. அந்தக் காடி இருக்கற இரும்பு ஹவுசிங்கை ஒரு நாள் கடன் வாங்க ரெண்டு மாசம் லெட்டர் எழுதினேன்.

கேரளால ரப்பருக்கா பஞ்சம்னு கேப்பீங்க. நம்ம தோட்டத்து ரப்பர் ஆயில்ல ஊறினா உப்பிடும், ஆயில் தாங்குற செயற்கை ரப்பர் நைட்ரைல்தான் வேணும். லேப்ல சூடான ஆயில்ல 100 டிகிரி, 70 மணி நேரம் ஊற வச்சு ஹார்ட்னஸ், உப்பல் ரெண்டும் பாத்தாங்க, ரெண்டாவது கலவை பாஸ். ரிங் செஞ்ச தேதியை பாக்கெட் மேல கட்டாயம் போடணும், ஏன்னா அலமாரில சும்மா கெடந்தாலும் ரப்பருக்கு வயசாகும், அதனால மொத்தமாவும் வாங்கி வைக்க மாட்டாங்க. ஆர்டர் 150 பீஸ்தான், டை காசே தேறல. சட்டப்படி 45 நாள்ல வரவேண்டிய பணம் நாலு மாசம் கழிச்சு வந்துச்சு.

போன வாரம் ஒரு லெட்டர், அந்தப் பழைய ரிங்கை திருப்பி அனுப்பணுமாம். வெட்டிப் பாத்தது நான்தான், இப்ப ரெண்டு துண்டா இருக்கு.