சிலிக்கான் பட்டையின் முனை ஒருவழியாக மட்டமானது

ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு மீட்டரில் 310 மில்லிவோல்ட்! இரண்டு மாதமாக 40-ஐத் தாண்டாத அதே அமைப்பு: தண்ணீரில் கலந்த எண்ணெயைக் கண்டுபிடிக்க, ஒரு சிலிக்கான் பட்டைக்குள் அகச்சிவப்பு ஒளியை விட்டு மறுமுனையில் வருவதை அளப்பது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் உட்கார்ந்து இதை எழுதும்போதும் சந்தோஷம் அடங்கவில்லை.

பட்டை 50 மி.மீ. நீளம், 0.5 மி.மீ. தடிமன், இருபக்கமும் மெருகேறிய வேஃபரில் (மெல்லிய சிலிக்கான் தட்டு) ஒடித்தது. பழைய சோலார் செல்லை யாரும் முயல வேண்டாம். முன்பக்கம் சொரசொரப்பு, பின்பக்கம் அலுமினியப் பூச்சு. எனக்கு இரண்டு வாரம் அதிலேயே போனது.

படுத்தி எடுத்தது ஒளி நுழைந்து வெளியேறும் முனைகளின் 45 டிகிரிச் சரிவுதான். உப்புத்தாளில் 400, 800, 1200 என்று ஏறினாலும் விளிம்பு பொடிந்துகொண்டே இருந்தது. ராமேஸ்வரத்தில் சங்குக்குப் பாலிஷ் போடும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். துணிச் சக்கரத்தில் இரண்டே நிமிடம், கண்ணாடியாய் மின்னியது. வீட்டுக்கு வந்து அளந்தால் 35 மில்லிவோல்ட்! திரும்பப் போனபோது அவரே லென்ஸ் வைத்துப் பார்த்தார். "தம்பி, சக்கரம் ஓரத்தை உருட்டிரும். உங்களுக்கு வேண்டியது பளபளப்பு இல்ல, மட்டம்."

அப்புறம்தான் வழி பிடிபட்டது. இரண்டு ஸ்லைடு கண்ணாடிகளுக்கு நடுவே பட்டையை அரக்கு வைத்து ஒட்டினேன். பொடிவதெல்லாம் கண்ணாடியில் போய்விடும். 45 டிகிரி பித்தளைக் கட்டையில் பிடித்து, தடித்த கண்ணாடிமேல் விரித்த 2000 தாளில் தண்ணீர் விட்டு எட்டுப் போட வேண்டும். கடைசியில் சீரியம் ஆக்சைடு பாலிஷ் பொடி. முனைக்கு நாற்பது நிமிடம்.

ஒளி வருகிறதா என்று போன் கேமராவில் பார்க்க முடியாது. அதன் சென்சாரும் சிலிக்கான்தான், 1.1 மைக்ரான் அலைநீளத்துக்கு மேல் பட்டை ஒளியை விடத் தொடங்கும் இடத்தில் கேமராவுக்குக் கண் தெரியாது. அகச்சிவப்பின் சூட்டை மின்னழுத்தமாக்கும் பைரோ சென்சார் காட்டும் எண்தான் கதி.

சரி, பட்டைமேல் ஒரு சென்டிமீட்டருக்கு டீசல் தடவினேன். பட்டைக்குள் இரு முகங்களிலும் மாறி மாறி மோதி ஓடும் ஒளி, அந்த நீளத்தில் மேல்முகத்தில் சுமார் பத்து முறை மோதும்; மோதும் ஒவ்வொரு இடத்திலும் மேலே தடவியது கொஞ்சம் உறிஞ்சும். 3.4 மைக்ரானில் டீசலின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு உறிஞ்சியதில் 310 என்பது 258 ஆனது. ஸ்பிரிட்டில் துடைத்ததும் பழைய எண். அகச்சிவப்புக்கு வழக்கமாகப் பயன்படும் பொட்டாசியம் புரோமைடு உப்பு வில்லையாக இருந்தால் நம் கடல்காற்றுக்கே கசிந்திருக்கும். சிலிக்கானுக்கு உப்புத்தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது படகுத்துறைத் தண்ணீர். தண்ணீரே 3 மைக்ரான் பக்கம் பலமாக உறிஞ்சும், அதன் வால் 3.4 வரை நீளும். எண்ணெயை இழுத்துத் தண்ணீரைத் தள்ளும் பாலிஐசோபியூட்டிலீன் என்ற ரப்பர் போன்ற பொருளைப் பட்டைமேல் பூச நினைக்கிறேன். ஆனால் அதிலும் அதே பிணைப்பு இருக்கிறது, ஆரம்ப அளவே இறங்கும். யாராவது பூசிப் பார்த்திருந்தால் எவ்வளவு மெல்லிசாக என்று சொல்லுங்கள்.