புண் காய வேண்டாம்: எந்தக் காயத்துக்கு எந்தக் கட்டு?

"மூடி வைக்காதே, காற்றாட விடு, சீக்கிரம் காயட்டும்" என்ற அறிவுரையைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டால் பாதி ஆறிவிட்டது என்பது நம் நினைப்பு. உண்மையில் அந்தப் பொருக்கு ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. புதுத் தோலின் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்து ஊர்ந்து நடுப்பகுதிக்கு வர வேண்டும். ஈரம் இருந்தால்தான் அவற்றால் நகர முடியும். மேற்பரப்பு காய்ந்து கிடந்தால், ஈரம் இருக்கும் ஆழம் வரை கீழே இறங்கி, பொருக்குக்கு அடியில் வழி குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் 1962இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பன்றிகளின் தோலில் உண்டாக்கிய மேலோட்டமான காயங்களில், பாலித்தீன் படலத்தால் மூடியவை திறந்து விட்டவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் புதுத் தோலால் மூடிக்கொண்டன. இன்று கடைகளில் கிடைக்கும் நவீன டிரஸ்ஸிங்குகள் பெரும்பாலும் அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்தவை.

ஆனால் ஈரம் வேறு, சொதசொதப்பு வேறு. நீர் அதிகமாகத் தேங்கினால் சுற்றியுள்ள நல்ல தோல் ஊறி, வெளுத்து, சுருங்கி, புண் இன்னும் அகலமாகிவிடும். ஆகவே கட்டைத் தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் புண் எவ்வளவு நீர் விடுகிறது என்பதுதான். விடை பழைய கட்டிலேயே இருக்கிறது. பிரித்ததும் அதைக் குப்பையில் போடாமல் திருப்பிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு காய்ந்திருக்கிறதா, லேசாக நனைந்திருக்கிறதா, ஓரம் வரை ஊறி வெளியே கசிந்திருக்கிறதா? அடுத்த கட்டு எது என்பதை அதுவே சொல்லிவிடும்.

கழுவுவதற்குச் சலைன் (மருந்துக்கடையில் கிடைக்கும் சுத்தமான உப்புநீர்) போதும். குடிக்கத் தகுந்த சுத்தமான குழாய்த் தண்ணீரும் போதும். சலைன் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்த தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து ஆறவைத்து அன்றே பயன்படுத்தலாம். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டையும் திறந்த புண்ணில் ஊற்றாதீர்கள். நுரைத்து வருவதைப் பார்த்தால் அழுக்கு வெளியேறுவதுபோல் தோன்றும். கிருமியோடு சேர்ந்து புதுச் செல்களும் சாகின்றன. பஞ்சை நேரடியாகப் புண்மேல் வைக்கவும் கூடாது. அதன் இழைகள் உள்ளே தங்கிப் புண்ணை உறுத்தும்.

இனி பழைய காஸ் துணி, அதாவது வலைபோல் நெய்த மெல்லிய கட்டுத் துணி. மலிவு, எங்கும் கிடைக்கும், புதுக் காயத்தில் ரத்தத்தை அழுத்தி நிறுத்த நல்லது. ஆனால் புண்ணோடு ஒட்டும் முதல் அடுக்காக அதை வைத்தால், நீர் காய்ந்து இழைகளோடு பிணைந்துவிடும்; புதுச் சதை கண்ணிகளுக்குள் வளர்ந்துவிடும். மறுநாள் உரிக்கும்போது வரும் ரத்தம், நேற்று வளர்ந்ததைப் பிய்த்தெடுத்ததன் அடையாளம். ஒட்டிவிட்டால் சலைனில் நனைத்துப் பத்து நிமிடம் ஊற விடுங்கள், தானாகக் கழன்று வரும். சிராய்ப்புக்கும் தையல் போட்ட இடத்துக்கும், மெல்லிய படலம் போர்த்திய ஒட்டாத பட்டை நல்லது. பளபளப்பான பக்கம் ஒன்று மட்டும் இருந்தால் அதுதான் புண்ணைத் தொட வேண்டும். தலைகீழாக ஒட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

பாரஃபின் தடவிய காஸ் ஒட்டாது என்பார்கள். அது புதிதாக இருக்கும்வரைதான். நாளாக ஆக மெழுகு கரைந்து வற்ற, அதுவும் ஒட்டத் தொடங்கும். சிலிக்கோன் வலைக்கு இந்தக் குறை மிகவும் குறைவு. அதை நாள் கணக்கில் அப்படியே விட்டுவிட்டு மேலே உள்ள பஞ்சுப் பட்டையை மட்டும் மாற்றலாம். விலை கூடுதல்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டு மாற்றும் வலி மிச்சமாகிறதே.

ஃபிலிம் என்பது கண்ணாடிபோல் தெரியும் பாலியூரிதேன் படலம். ஆவி வெளியேறும், தண்ணீரும் கிருமியும் உள்ளே போகாது. எதையும் உறிஞ்சாது என்பதால் நீர் விடும் புண்ணுக்கு உதவாது. மேலோட்டமான சிராய்ப்புக்கும், ஐ.வி. ஊசி செருகிய இடத்துக்கும், வேறு கட்டைப் பிடித்து நிறுத்தவும் ஏற்றது. எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், ஒரு மூலையைத் தூக்கித் தோலுக்கு இணையாக நீட்டி இழுங்கள். பசை தானே விடும்.

ஹைட்ரோகொலாய்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நன்றாக வேலை செய்யும்போதே பயந்து பிய்த்தெறிகிறார்கள். ரப்பர்போல் தடித்த இந்தப் பட்டையில் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், ஜெலட்டின், பெக்டின் போன்றவை இருக்கும். புண்ணின் நீரை வாங்கி அவை மஞ்சள் கூழாகின்றன. அந்தக் கூழுக்கு ஒரு வாடையும் உண்டு. பார்ப்பவர்கள் சீழ் பிடித்துவிட்டது என்கிறார்கள். கூழைச் சலைனால் கழுவிய பிறகு புண்ணைப் பாருங்கள்: அடியில் சிவந்த, ஈரமான சதை இருந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது. சுற்றிலும் சிவப்பு பரவி, சூடும் வீக்கமும் வலியும் கூடினால்தான் அது தொற்று. ஒட்டுமுன் பட்டையைக் கைகளுக்கிடையே ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள், வளைந்து கொடுக்கும். புண்ணின் ஓரத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 முதல் 3 செ.மீ. நல்ல தோலில் படிய வேண்டும். மூன்று முதல் ஏழு நாள் வரை இருக்கலாம். தினமும் பிரித்துப் பார்த்தால் பயன் போய்விடும். தொற்று உள்ள புண்ணில் மட்டும் வேண்டவே வேண்டாம். அது காற்றையும் அடைத்து மூடுவது.

நீர் அதிகம் விடும் புண்ணுக்கு, ஸ்பாஞ்சுபோல் உறிஞ்சும் ஃபோம் பட்டை. நடுவில் தெரியும் கறை ஓரத்துக்கு 2 செ.மீ. அருகில் வந்ததும் மாற்றுங்கள், அதற்கு முன் தேவையில்லை. இன்னும் அதிகமாக ஊறினால் ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுத்த இழை இது; தன் எடையைப்போல் 15 முதல் 20 மடங்கு நீரை வாங்கும். இழையில் உள்ள கால்சியமும் புண் நீரில் உள்ள சோடியமும் இடம் மாறிக்கொள்ள, இழை ஜெல் ஆகிறது. வெளியேறும் கால்சியம் ரத்தம் உறையவும் உதவுவதால் லேசாக ரத்தம் கசியும் புண்ணுக்கும் ஏற்றது. காய்ந்த புண்ணில் வைத்தால் ஜெல் ஆகாமல் சுள்ளிபோல் ஒட்டிக்கொள்ளும். குழிப் புண்ணில் கயிறு வடிவில் உள்ள ஆல்ஜினேட்டைத் தளர்வாக வைக்க வேண்டும். இறுக்கித் திணித்தால் நீர் வடியாது, சதைக்கு ரத்தம் ஓடாது. ஒரு முனையை வெளியே விட்டு, எத்தனை துண்டு உள்ளே போனது என்று எழுதி வையுங்கள். உள்ளேயே மறந்துபோன ஒரு துண்டினால் மாதக்கணக்கில் ஆறாத குழிகள் உண்டு.

இதற்கு நேர் எதிர் ஹைட்ரோஜெல். பெரும்பகுதி தண்ணீரே என்பதால் உறிஞ்சுவதற்குப் பதில் ஈரம் கொடுக்கும். வறண்ட புண்ணுக்கும், மஞ்சளாகப் படிந்த செத்த சதையை இளக்கவும் இது. மேலே இன்னொரு கட்டு தேவை. அந்த இரண்டாம் கட்டு காஸாக இருந்தால் ஜெல்லின் ஈரத்தை அதுவே குடித்துவிடும், ஃபிலிம் போடுங்கள்.

வெள்ளி, அயோடின், மருத்துவத் தேன் கலந்தவை கிருமி மிகுந்த புண்ணுக்கு மட்டும். இரண்டு வாரம் போட்டும் மாற்றம் இல்லையென்றால் தொடர்வதில் பொருளில்லை. தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அயோடின் கட்டு போடக்கூடாது.

ஈரம் நல்லது என்ற விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோரின் விரலிலோ குதிகாலிலோ கறுத்து, காய்ந்து, கெட்டியாக இருக்கும் பகுதியை நனைத்து இளக்காதீர்கள். அது காய்ந்திருக்கும்வரை ஒரு மூடிபோல் காக்கிறது. ஈரமானால் அழுகல் மேலே ஏறும், காலே போகலாம். காய்ந்த காஸ் சுற்றி உடனே மருத்துவரிடம் போவதுதான் வழி. அதேபோல், நாள்பட்ட சிரைப் புண்ணுக்கு (காலின் சிரைகளில் ரத்தம் தேங்குவதால் வரும் புண்) எந்த விலையுயர்ந்த டிரஸ்ஸிங்கும் தனியாகப் போதாது. அழுத்தக் கட்டுதான் ஆற்றுகிறது, அதையும் தமனி ரத்த ஓட்டத்தை அளந்த பிறகே சுற்ற வேண்டும். விலங்குக் கடியை அடைத்து மூடாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தீக்காயத்துக்கு 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் நீர். பிறகு உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை விரித்து மேலே போர்த்துங்கள். வீங்கும் என்பதால் சுற்றி இறுக்க வேண்டாம்.

கடைசியாக, வயதானவர்களின் காகிதம்போன்ற தோல் மடிந்து கிழிந்தால். கிழிந்த மடலை வெட்டி எறியாதீர்கள். சலைனால் நனைத்து, ஈரமான பஞ்சுக்குச்சியால் மெதுவாக உருட்டிப் பழைய இடத்தில் படிய வைத்து, சிலிக்கோன் ஃபோம் ஒட்டுங்கள். அதன் மேல் பேனாவால் தேதியும் ஓர் அம்புக்குறியும் போடுங்கள். அம்பு, மடல் ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து அதன் கிழிந்த நுனியை நோக்க வேண்டும். அடுத்து மாற்றுபவர் அந்தத் திசையிலேயே உரிப்பார். மாற்றி உரித்தால் மடல் மறுபடி மேலே கிளம்பிவிடும்.